இருபது கேள்வியும் ஒரு சுரூபமும்

பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்கப்புறம் நான் எழுதிய ஒரே பரீட்சை என் முப்பத்தாறாவது வயதில். அதுவும் இடுப்பு பிடித்துக்கொண்டதால்தான் எழுத நேர்ந்தது.

தண்டையார்பேட்டையில் ரயில் லைனை ஒட்டி இருந்த ஒரு கம்பெனியில் எனக்கு லோடு தூக்குகிற வேலை. ஹார்பருக்கும் ரயில்வேக்கும் வேண்டிய சங்கிலி, கொக்கி, ஆணி எல்லாம் அங்கே செய்வார்கள். பெட்டியில் அடைத்து லாரியில் ஏற்றுவது எங்கள் பாடு. ஒருநாள் ஆணிப் பெட்டி ஒன்றைக் குனிந்து எடுத்தவனால் நிமிர முடியவில்லை. குனிந்த வாக்கிலேயே ராயபுரம் வரைக்கும் நடந்து வீட்டுக்கு வந்தேன். வழியில் போனவர்கள் நான் எதையோ தவறவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்து, இரண்டு பேர் கூடவே குனிந்து தேடிக்கொண்டு வந்தார்கள்.

டாக்டர், "இனிமே பாரம் தூக்காதே" என்றார். மேஸ்திரி, "பாரம் தூக்காதவனுக்கு இங்க இன்னா வேல?" என்றார். இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். நடுவில் நானும், என் சம்சாரமும், மூன்று பிள்ளைகளும்.

நல்ல வேளையாக அப்போது ஸ்டோரில் ஒரு ஆள் விலகி, எர்ணாவூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஸ்டோர் வேலை என்றால் ஜன்னலுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிற சரக்கைச் சரிபார்த்து வாங்கி, கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது. அந்த ஸ்டூலை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பேன். கோயிலில் பீடத்தைக்கூட அவ்வளவு பக்தியாகப் பார்த்தேனா தெரியவில்லை, ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஆனால் புதிதாக வந்த துரை ஒரு ஏற்பாடு செய்துவிட்டார். இனிமேல் சிபாரிசு கிடையாது, பரீட்சை வைத்துத்தான் ஆள் எடுப்பது. கேள்விகளை அவர் இங்கிலீஷில் கொடுக்க, பெரிய கிளார்க் அதைத் தமிழில் எழுதினார். பெரிய கிளார்க் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான். பூசையில் முதல் பெஞ்சு. சலவைச் சட்டை கசங்கும் என்று முழங்கால்கூட அரைவாசிதான் போடுவார்.

மாதிரிக்கு ஒரு கேள்வியை நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நாற்காலிக்கு மரம், அதுபோல் சட்டைக்கு எது? தையற்காரர், துணி, பொத்தான், உடம்பு. நாலில் ஒன்றுக்குக் கோடு போட வேண்டும்.

நான் பொத்தான் என்றேன். என் சட்டையில் ரொம்ப நாளாக இல்லாதது அதுதான்.

பக்கத்தில் நின்ற என் தோஸ்து தலையில் அடித்துக்கொண்டான். அவன் வண்ணாரப்பேட்டை பாய். என்னோடு பத்து வருஷமாகப் பெட்டி தூக்குகிறவன். நான் ஒரு முனை, அவன் ஒரு முனை. அவனும் பரீட்சைக்குப் பேர் கொடுத்திருந்தான். ஸ்டூலில் உட்கார யாருக்கு ஆசை இல்லை?

"இதப் பாரு மாமு," என்றான். "நாற்காலிக்கு அப்பன் யாரு? மரம். மரத்துக்குப் பொறந்ததுதான் நாற்காலி. அப்பிடின்னா சட்டைக்கு அப்பன் யாரு?"

"தையக்காரன்."

"அவன் கண்ணாலம் பண்ணி வெச்ச தரகன். அப்பன் யாருன்னா துணி. பொத்தான் வந்து மச்சினன். கூட ஒட்டிகினு கீறான், எப்ப வேணா பிச்சிக்குவான்."

அன்றைக்கு ஏறியது எனக்கு. எந்த வாத்தியாரும் அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் பழைய பெட்டிகளின் மேல் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வோம். அவன் செங்கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தபடி கேட்பான்.

"செருப்புக்குத் தோலு. பிரியாணிக்கு இன்னா?"

"கறி."

"தப்பு. அரிசி."

"கறி இல்லாம அதுக்குப் பேரு பிரியாணியா?"

"அரிசி இல்லாம கறிய மட்டும் ஆக்கி வெச்சா அதுக்குப் பேரு இன்னா? கொழம்பு. அப்பன் அரிசிதான் நைனா."

"கறிதான் அப்பன். அரிசி அம்மா."

"ஏய், எங்க வூட்டு பிரியாணிக்கு அப்பன் யாருன்னு நீ சொல்றியா?"

இந்தச் சண்டை மூன்று நாள் நடந்தது. லோடு கும்பல் பூராவும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. மேஸ்திரி வந்து கலைத்தார், அவர் சைவம்.

வீட்டில் என் சம்சாரம் கேள்வி கேட்பாள். அவள் எட்டாவது வரைக்கும் படித்தவள், கேள்வி கேட்கிற ஆசையை அதோடு அடக்கி வைத்திருந்தவள். அடுப்படியில் கையில் எது அகப்பட்டதோ அதைத் தூக்கிக் காட்டுவாள்.

"தோசக்கல்லு?"

"கல்லு."

"தெனம் துன்றியே, அது இரும்புன்னு தெரியாது? சரி, ஆட்டுக்கல்லு?"

தோசைக்கல்லில் ஏமாந்த ஜாக்கிரதையில், "இரும்பு" என்றேன்.

அவள் செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "சேசு மரி சூசையே, இந்த ஆளுக்கு மூளைய எதால பண்ணீங்க?" என்று கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோஸ்தும் வீட்டுக்கு வந்திருந்தான். அவள் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்டாள்.

"கூடைக்கு மூங்கிலு. தலகாணிக்கு?"

நான் யோசிப்பதற்குள் அவன், "பஞ்சு" என்றான். அதோடு விடவில்லை. "எலவம் பஞ்சு தங்கச்சி. பருத்தியப் போட்டா ஆறே மாசத்துல கட்டிக்கும். எங்க வூட்ல அத்தினியும் எலவம் பஞ்சுதான், எங்க மாமியார் கையால தெச்சது."

"கேட்டுக்கோய்யா, அண்ணன் எப்பிடி பட்டுனு சொல்றாரு" என்று எனக்கு வேறு ஒரு இடி.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு பூசையில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாதாவைப் பார்த்து, "அம்மா, இந்த ஸ்டூல் மட்டும் கிடைச்சா இந்த வருஷம் திருநாளுக்கு உன்னை நானே தூக்குறேன்" என்று நேர்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். சம்சாரம் கரண்டியோடு திரும்பினாள்.

"இடுப்பு போச்சின்னுதானே ஸ்டூலு கேக்கற? ஸ்டூலு கெடச்சா சாமி தூக்கறேன்னு நேந்துகினு வந்து நிக்கிற! அந்த மாதா எந்தப் பக்கம் கேட்பா? அவளுக்கே பேஜாரு."

எனக்கு அது தோன்றவே இல்லை. பதினோரு வருஷமாக நான் மாதா தூக்குகிறவன். நேர்ச்சை என்றால் வாயில் வருவது அதுதான்.

இங்கே எங்கள் கோயில் மாதா சிலையை, நாங்கள் சுரூபம் என்போம், அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் உயரம். மேலே வர்ணம் பூசி, பட்டு உடுத்தி, அங்கியும் போட்டிருப்பதால் முகமும் கையும்தான் வெளியே தெரியும். பெரிய கிளார்க்கின் தாத்தா சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்த சலவைக்கல் சுரூபம் என்று பங்கு முழுக்கப் பேச்சு. திருநாளுக்கு எட்டுப் பேர் அவளைப் பீடத்திலிருந்து இறக்கி, சப்பரத்தில் வைத்து, தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவோம். "கல்லு மாதாவ எட்டே பேர் தூக்கறாங்க பாரு" என்று ஜனங்கள் உச்சுக்கொட்டும். ஒவ்வொரு தெருமுனையிலும் எங்களுக்குச் சோடா. பெரிய கிளார்க் வீட்டு வாசலில் கலர் சோடா.

ஆனால் அது கல் இல்லை. மரம். தூக்குகிற எட்டுப் பேருக்கும் அது தெரியும். பெட்டி தூக்கிப் பிழைக்கிறவனுக்குத் தோளே தராசு. அடிப்பாகத்தில் ஓரிடத்தில் வர்ணம் உரிந்து மரத்தின் வரிகூடத் தெரியும். முதல் வருஷமே மூத்தவர் ஒருத்தர் என் காதில் சொல்லிவிட்டார்: "வாயத் தொறக்காதே. நல்லா முக்கிகினு நட. சோடா வரும்." அன்றிலிருந்து நாங்கள் எட்டுப் பேரும் முக்கினோம். நான் கொஞ்சம் தள்ளாடியும் காட்டுவேன். ஒரு தபசு காலத்தில் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு பிரியதத்த மந்திரம் பத்து முறை சொல்லச் சொன்னார். எத்தனை பேர் தூக்குவீர்கள் என்று மட்டும் கேட்டார்.

பிற்பாடு ஒருநாள் புது வர்ணம் பூச வந்த ஆள் சுரண்டிப் பார்த்து ஊருக்கே சொல்லிவிட்டான். அதனால் இப்போது எழுதுவதில் குற்றமில்லை.

பரீட்சை கான்டீன் கொட்டகையில் நடந்தது. பதினோரு பேர் உட்கார்ந்தோம். மொத்தம் இருபது கேள்வி. சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். மாதா கிருபை, மளமளவென்று வந்தது. மோதிரம், பானை, தலையணை, செங்கல் எல்லாவற்றுக்கும் அப்பனைக் கண்டுபிடித்துக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிக் கேள்வி.

வாளிக்குத் தகரம், அதுபோல் சிலைக்கு எது? கோயில், கல், சிற்பி, பூமாலை.

பென்சில் கல்லிடம் போயிற்று. நின்றுவிட்டது.

உலகத்தில் கற்சிலை இல்லையா? திருவொற்றியூர்க் கோயிலிலேயே எத்தனை இருக்கின்றன. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சிலை என்று படித்ததும் என் கண்ணில் வந்து நின்றது ஒன்றே ஒன்றுதான். பதினோரு வருஷமாக அவளைக் கல் என்று முக்கி முக்கிச் சோடா குடித்திருக்கிறேன். அவளிடமே வேலையும் கேட்டுவிட்டு, அந்தப் பேப்பரிலும் கல் என்று கோடு போடுவதா? கை வரவில்லை. மரம் என்று போடலாம் என்றால் நாலில் மரம் இல்லை. கடைசியில் ஓரத்தில் எழுதினேன்: "இதில் பதில் இல்லை. எங்கள் கோயில் மாதா மரம். பதினோரு வருஷமாய்த் தூக்குகிறேன். பாரம் தெரியும்."

மூன்றாம் நாள் பெரிய கிளார்க் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் என் பேப்பர்.

"இத எழுதினது நீதானா?"

"ஆமா சார்."

"எந்தக் கோயில்?"

"நம்ம கோயில்தான் சார்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஏம்பா, அது சலவைக்கல்லு. எங்க தாத்தா கப்பல்ல வரவழைச்சது. தெரியுமா உனக்கு?"

"கப்பல் தெரியாது சார். பாரம் தெரியும்."

பேப்பரை மறுபடி ஒருதரம் பார்த்தார். "மத்ததெல்லாம் சரியா எழுதியிருக்க. பத்தொம்பது. உன் கூட்டாளி பாயும் பத்தொம்பது. ரெண்டு பேர்ல யாருன்னு துரை என்னையே முடிவு பண்ணச் சொல்லிட்டாரு." பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சதும் கோயில்லயே இரு."

வெளியே தோஸ்து காத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் பத்தொன்பது என்றேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் அவனுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ.

"பத்தொம்பதா? நீயா? எது தப்பு?"

"சிலை."

"அதுக்கு இன்னாத்த எழுதின?"

"மரம்."

"கல்லுன்னு ஒரு கோடு இஸ்துட்டு வர்றதுக்கு உனக்கு இன்னா கேடு?"

"நீ மட்டும் இன்னா, எது தப்பு உன்து?"

"தலகாணி. செங்கல்லுன்னு ஓரத்துல எழுதினேன்."

"ஏன்?"

"தெனம் மத்தியானம் எதுமேல தலைய வெக்கிறேன்? உள்ளத எழுதினேன்."

"நானும் உள்ளதத்தானே எழுதினேன்!"

"நீ உள்ளத எழுதக் கூடாதுடா!" என்று கத்திவிட்டுப் போயே போய்விட்டான். நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன். அவன் எழுதலாமாம், நான் எழுதக் கூடாதாம். இது என்ன ஞாயம்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் பெரிய கிளார்க் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பீடத்தில் ஏறினார். கும்பிட்டார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். கணக்குப் புத்தகத்துக்கு மேல் எதையும் தூக்காத மனுஷன். மாதாவை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கல்லைத் தூக்குவதற்கு எவ்வளவு பலம் வேண்டுமோ அவ்வளவையும் சேர்த்து ஒரு எம்பு எம்பினார்.

சுரூபம் குபீரென்று மேலே வந்துவிட்டது. வந்த வேகத்தில் அவர் பின்பக்கமாக இரண்டு படி தள்ளாடினார். "அம்மா!" என்று ஓடிப்போய்த் தாங்கினேன். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் மாதா. அப்படியே நின்றோம்.

"எத்தினி பேரு தூக்கறீங்க?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

"எட்டுப் பேரு சார்."

"இதையா?"

"சப்பரம் கொஞ்சம் பாரம்தான் சார்."

"அப்புறம் அந்த முக்கு முக்குறீங்களே?"

பொய் சொல்ல இடமில்லை. மாதா என் தோளில் சாய்ந்திருந்தாள். "கலர் குடுப்பீங்க சார்" என்றேன்.

மெதுவாகப் பீடத்தில் வைத்தோம். அவர் மாதாவின் பட்டு உடையை நீவிவிட்டு, இறங்கி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கவஸ்திரத்தை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கேள்வி துரை குடுத்தது இல்ல," என்றார் கடைசியில். "நானே சேத்தது. எங்க தாத்தாவ நெனச்சிகினு போட்டேன்."

எனக்குப் பாவமாகிவிட்டது. "சார், கல்லுன்னே வெச்சிக்கலாம் சார்."

"எப்பிடிப்பா வெச்சிக்கிறது? தூக்கிட்டேனே."

அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதல் பெஞ்சு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரித்தால் இடுப்பு வலிக்கும், அதனால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"எங்க தாத்தா பெட்டி மேல ஒட்டின காகிதத்தப் பார்த்து வாங்கியிருக்காரு. ஸ்டோருக்கு வர்ற சரக்கையாவது தூக்கிப் பார்த்து வாங்குற ஆள் வேணும். நாளைக்கு வந்து ஸ்டூல்ல உட்காரு."

"சார், எனக்குப் பாரம்..."

"முழுசாத் தூக்காதே. சாய்ச்சுப் பாரு, போதும். இன்னொண்ணு. இது வெளிய போகக் கூடாது. என்னோட ஒம்பது பேரு."

வீட்டுக்கு வந்து சொன்னதும் சம்சாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே, "மாதாவத் தாங்கினியே, இடுப்பு நோவுச்சா?" என்று கேட்டாள். நோகவே இல்லை. "அதோட உன் நேர்ச்ச தீந்துச்சி. திருநாளன்னிக்கு மெழுகுவத்தி புடிச்சிகினு ஒழுங்கா ஓரமா நடந்து வா."

அப்படியே நடந்தேன். என் இடத்தில் வேறொரு ஆள் தோள் கொடுத்து என்னைவிட நன்றாகவே முக்கினான். பெரிய கிளார்க் வீட்டு வாசலில் அவர் கையாலேயே எட்டுப் பேருக்கும் கலர் கொடுத்தார். என்னைத் தாண்டும்போது, "பாவம், கல்லு பாரம் இல்லியா" என்று தன் வீட்டம்மாவிடம் உரக்கச் சொன்னார். அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு அவர் எனக்கு முன்னால் நின்றிருந்தார்.

தோஸ்து மட்டும் கொஞ்ச நாள் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தால் என்னைச் சும்மா விட மாட்டான். "மாமு, எங்க பள்ளிவாசலுக்கு ஒரு தபா வா. மினாரா இன்னாத்தால கட்டினதுன்னு தூக்கிப் பாத்துச் சொல்லு" என்பான். ஸ்டூலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ரம்ஜானுக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். நானும் சம்சாரமும் பிள்ளைகளும் வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். கீழே உட்காரும்போது நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து, அவன் வீட்டம்மா உள்ளேயிருந்து ஒரு தலையணை கொண்டுவந்து, "இடுப்புக்கு அண்டை குடுத்துக்கோங்கண்ணே" என்று வைத்தார். சாய்ந்தேன். மெத்தென்று இருந்தது. கையால் அழுத்திப் பார்த்தேன். இலவம் பஞ்சு.

அப்போதுதான் எனக்கு ஏறியது. என் வீட்டில் என்னை முந்திக்கொண்டு பஞ்சு என்று சொன்னவன். பருத்தியா இலவமா என்று என் சம்சாரத்துக்கே பாடம் நடத்தியவன். அவன் பரீட்சையில் செங்கல் என்று எழுதினானாம். நான் உள்ளதை எழுதக் கூடாதாம்.

தலையணையை அழுத்திக்கொண்டே அவனைப் பார்த்தேன். அவன் சட்டியைத் திறந்துகொண்டிருந்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டான்.

"இன்னா பாக்கற? தூக்கிப் பாக்கணுமா?"

"செங்கல்லுன்னு வேணும்னுதானே எழுதின?"

"ஆரம்பிச்சிட்டான்யா. துன்னு மாமு, ஆறுது."

தட்டைப் பார்த்துக்கொண்டே, "பிரியாணிக்கு அப்பன் அரிசிதான். நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

அவன் கரண்டி நிறையக் கறியாகப் பொறுக்கி என் தட்டில் போட்டான். "இல்ல மாமு. நானும் யோசன பண்ணிப் பாத்தேன். கறிதான்."

"இல்ல, அரிசி."

"கறின்றேன்ல?"

"நீதானே மூணு நாளு அரிசின்னு சண்ட போட்ட?"

"இப்ப கறின்னு சொல்றேன், ஒத்துக்கோயேன்!"

இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிட்டது. பெண்கள் இரண்டு பேரும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள்.